டாக்டரை மாற்றலாமா, டாக்டர்?

குழந்தைகளின் ஆஸ்துமா பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சொன்னபோது, இன்ஹேலர் பழக்கமாகிவிடுமா, ஸ்டீராய்டு ஆபத்தா என்றுதான் கேட்பீர்கள் என்று நினைத்தேன். அவையும் வந்தன. ஆனால் பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் மருந்தைப் பற்றியவை அல்ல, மருந்து எழுதுபவரைப் பற்றியவை. அவரை விடலாமா, விட்டால் என்ன ஆகும், விட்டுவிட்டோமே இப்போது என்ன செய்வது? சரி, இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகளுக்கு 4 வயது. வீசிங் வந்தால் அன்றைக்கு எந்த டாக்டர் இருக்கிறாரோ அவரிடம் காட்டிவிடுவோம். எல்லோரும் நெபுலைசர் வைத்து ஒரே மருந்தைத்தான் தருகிறார்கள். ஒரே டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று என் அக்கா சொல்கிறாள். அவசியமா?

மூச்சிரைப்பு வந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் சொல்வது சரிதான். நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் மருந்தை யார் கொடுத்தாலும் சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் விரியும், நாலு மணி நேரம் போலத் தாங்கும். அதற்கு ஒரே டாக்டர் தேவையில்லை.

ஆனால் உங்கள் மகளுக்கு இருப்பது ஆஸ்துமாவா, சளி பிடிக்கும்போது மட்டும் வந்து போகிற வீசிங்கா என்பதை ஒரு நாள் பார்த்துச் சொல்ல முடியாது. ஊதச் சொல்லி அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை ஐந்தாறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் சரியாகச் செய்வது கடினம். அதனால் இந்த வயதில் குழந்தையின் கதையை வைத்துத்தான் நோயைக் கண்டுபிடிக்கிறோம். சளி இல்லாத நாட்களிலும் இருமுகிறாளா? ஓடினால், விழுந்து விழுந்து சிரித்தால் இரைக்கிறதா? விடியற்காலையில் இருமலோடு எழுந்திருக்கிறாளா? அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆஸ்துமா உண்டா? தோலில் கரப்பான் வந்ததா? இந்தக் கதையை முழுக்கக் கேட்டவர் யாராவது ஒருவர் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் அதிகக் கவலை. வீசிங் கடுமையாக இருந்தால் மூன்று முதல் ஐந்து நாளுக்கு வாய்வழி ஸ்டீராய்டு கொடுப்போம். தேவைப்படும்போது நல்ல மருந்து. ஒரு வருடத்தில் நாலு டாக்டர்கள் நாலு முறை எழுதினால், ஒவ்வொருவருக்கும் அது முதல் முறை. நாலையும் ஒரே ஆள் எழுதியிருந்தால், இரண்டாவது முறையிலேயே 'இது தொடர்ந்து வருகிறதே, தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் வேண்டும்போல' என்று யோசித்திருப்பார். உங்கள் அக்கா சொல்வதைக் கேளுங்கள்.

ஒரே டாக்டரிடம் காட்டினால் நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது டாக்டர்கள் வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளச் சொல்வதா? (ஒரு தந்தை)

கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது, பரவாயில்லை, கேட்க வேண்டியதுதான். 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஒரே மருத்துவரைத் தொடர்வதையும் இறப்பு விகிதத்தையும் பற்றிய 22 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 18-ல், தொடர்ந்து ஒருவரிடமே காட்டியவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. நார்வேயில் பல லட்சம் பேரின் பதிவுகளை அலசியபோது, 15 வருடத்துக்கு மேல் ஒரே குடும்ப டாக்டரிடம் இருந்தவர்கள் அவசரச் சிகிச்சைக்குப் போவதும் மருத்துவமனையில் சேர்வதும் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் குறைவு என்று தெரிந்தது.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இவை குழந்தைகளின் ஆஸ்துமாவை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வுகள் அல்ல. ஒரே டாக்டரிடம் நிலைத்திருப்பவர்கள் ஏற்கெனவே ஒழுங்காக மருந்து எடுப்பவர்களாகவும் இருக்கலாம். ஆனாலும் ஆஸ்துமா மாதிரி ஏறி இறங்கும் நோயில் பழைய கதை தெரிந்தவருக்குக் கூடுதல் வசதி இருக்கிறது என்பதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

நள்ளிரவில் பையனுக்கு இரைப்பு அதிகமானது. எங்கள் டாக்டர் போனை எடுக்கவில்லை. புது ஆளிடம் போக வேண்டாம் என்று மாமியார் சொன்னதால் காலை வரை உட்கார்ந்திருந்தோம். நல்லபடியாக முடிந்தது. செய்தது சரியா?

சரியில்லை. இனி ஒருமுறையும் அப்படிக் காத்திருக்காதீர்கள். உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நீலமானால், அசந்து தூங்கி விழுந்தால், இரைக்கும்போது எடுக்கும் நிவாரண இன்ஹேலர் கொடுத்தும் குறையாவிட்டால் அல்லது குறைந்த இரைப்பு மறுபடி சீக்கிரமே திரும்பினால், பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வழியிலும் இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். வீசிங் சத்தம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு. குழந்தை துவண்டு கிடந்து, நெஞ்சில் சத்தமும் இல்லை என்றால், உள்ளே காற்றே சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். அது இன்னும் ஆபத்து.

டியூட்டி டாக்டருக்கு உங்கள் பையனைத் தெரியாது, உண்மைதான். அன்றிரவு அவர் மூச்சைச் சரிசெய்தால் போதும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உங்கள் டாக்டரிடம் அழைத்துப்போய், ஏன் வந்தது, மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குழந்தைதான் ஓடி விளையாடுகிறதே என்று இருந்துவிட்டு, அடுத்த வாரமே திரும்ப அவசரப் பிரிவில் நிற்கிறார்கள்.

இதையும் கேட்டு வாங்குங்கள்: இரைப்பு வந்தால் எத்தனை பஃப், எத்தனை நிமிட இடைவெளி, எப்போது கிளம்ப வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். அவர் போனை எடுக்காத இரவுகளில் அந்தத் தாள்தான் உங்கள் டாக்டர்.

மூன்று வருடமாக ஒரே டாக்டர். தங்கமான மனிதர். ஆனால் மகனுக்கு மாதம் ஒருமுறை இரைப்பு வருகிறது. வேறு ஒருவரிடம் காட்டினால் அவர் மனம் வருந்துமோ என்று தயங்குகிறோம்.

இதற்கு என் சொந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பையனை நானும் ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுக்குள் வரவில்லை. டோஸைக் கூட்டினேன், இன்னொரு மருந்தைச் சேர்த்தேன். நான் விடுப்பில் போனபோது என் இடத்தில் உட்கார்ந்த இளம் டாக்டர், 'தம்பி, இன்ஹேலரை எப்படி எடுப்பாய், காட்டு' என்று கேட்டிருக்கிறார். அவன் இன்ஹேலரோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரை உதட்டில் வைத்து, மருந்தை அமுக்கி, மூக்கால் மூச்சு விட்டான். அத்தனை மாதமும் மருந்து வாயைத் தாண்டிப் போகவே இல்லை. முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தேன், அதனால் தெரியும் என்று எடுத்துக்கொண்டேன். பழகிய கண்ணுக்குச் சில விஷயங்கள் தெரியாமலே போகும். திரும்பி வந்ததும் நன்றி சொன்னேன், உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை போகும்போது அவரிடமே நேராகக் கேளுங்கள்: 'மாதாமாதம் வருகிறதே, இது கட்டுக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாமா?' பதில் 'இல்லை' என்றுதான் வர வேண்டும். அதன் பிறகு அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். இன்ஹேலர் எடுக்கும் விதத்தைச் செய்து காட்டச் சொன்னாரா? தடுப்பு மருந்தை விடாமல் எடுக்கிறானா என்று திட்டாமல் கேட்டாரா? வீட்டில் யாராவது புகைக்கிறார்களா என்று விசாரித்தாரா? நிவாரண இன்ஹேலர் வருடத்தில் எத்தனை தீர்கிறது என்று கேட்டாரா? மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் அது எச்சரிக்கை. இவற்றையெல்லாம் பார்த்து, மருந்தைச் சரிசெய்து, மூன்று மாதம் கழித்தும் இதே நிலை என்றால், ஆஸ்துமா நிபுணரின் கருத்தை வாங்குவது நியாயம். நல்ல டாக்டர் தானே கடிதம் எழுதிக் கொடுப்பார். இன்னொருவரின் கருத்தைக் கேட்பது வேறு, அவரை விட்டுப் போவது வேறு. முதலாவதைச் செய்ய இரண்டாவது தேவையில்லை.

புது டாக்டர், ஸ்டீராய்டு இன்ஹேலர் வளர்ச்சியைப் பாதிக்கும் என்று நிறுத்தச் சொன்னார். பழைய டாக்டர் தொடரச் சொன்னார். யாரை நம்புவது?

அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாததால் நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். வளர்ச்சியில் பாதிப்பு உண்டு, ஆனால் சிறியது. அமெரிக்காவில் பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு தடுப்பு இன்ஹேலர் எடுத்த குழந்தைகளை வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்த மருந்து எடுக்காதவர்களைவிட அவர்கள் சராசரியாக 1.2 செ.மீ. உயரம் குறைவு என்று 2012-ல் முடிவு வெளியானது. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் ஏற்பட்ட இடைவெளி அது, பிறகு கூடிக்கொண்டே போகவில்லை. கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கும், உயிருக்கும் ஆபத்து. அதனால் திடீரென்று நிறுத்த வேண்டாம். மூன்று மாதமாவது நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால், படிப்படியாகக் குறைத்து, ஆகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்து அதிலேயே தொடரலாம். அதைச் செய்யப் பழைய டாக்டருக்குத்தான் வசதி அதிகம், ஏனென்றால் குழந்தையின் உயரத்தை முதலிலிருந்து ஒரே அட்டையில் குறித்து வைத்திருப்பவர் அவர்.

டாக்டரை மாற்றிய பிறகு மகளுக்குப் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரமாக ராத்திரி அலறிக்கொண்டு எழுகிறாள், எரிந்து விழுகிறாள். டாக்டரிடம் சொன்னால் 'குழந்தைகள் அப்படித்தான்' என்கிறார்.

சீட்டில் மான்டிலூகாஸ்ட் என்று இருக்கிறதா பாருங்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் போன்றவை அந்த மருந்தால் வரலாம். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. எல்லாக் குழந்தைக்கும் வராது, பலர் தொந்தரவில்லாமல் எடுக்கிறார்கள். உங்கள் மகள் முன்பு எப்படி இருந்தாள் என்று அந்த டாக்டருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மாத்திரை தொடங்கிய தேதியையும் அலறல் தொடங்கிய தேதியையும் எழுதிக்கொண்டு இன்றே பேசி, நிறுத்தலாமா என்று கேளுங்கள். இரண்டாவது முறையும் தட்டிக்கழித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். இந்த இடத்தில் விசுவாசம் வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறும் வேலை. ஒரே டாக்டர் என்பது எங்களுக்குக் கனவு.

சிகிச்சையின் தொடர்ச்சியை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: தகவல், திட்டம், உறவு. ஊர் மாறினால் உறவு மட்டும்தான் அறுகிறது. மற்ற இரண்டையும் நீங்கள் பெட்டியில் வைத்து எடுத்துப்போகலாம்.

கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு பக்கச் சுருக்கம் கேளுங்கள். இப்போது எடுக்கும் மருந்தும் அளவும், வாய்வழி ஸ்டீராய்டு கொடுத்த தேதிகள், மருத்துவமனையில் சேர்த்த விவரம், ஐசியுவில் இருந்திருந்தால் அது முதல் வரியில். எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு: எந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து, ஏன் கைவிட்டோம் என்பது. அது இல்லாவிட்டால் புது டாக்டர் முதல் மாதமே அதையே எழுதுவார். அப்புறம், இரைக்கும்போது சட்டையைக் கழற்றி, நெஞ்சும் கழுத்தும் தெரிய அரை நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது குழந்தை பெரும்பாலும் சுத்தமாக மூச்சு விடும், 'நேற்று ராத்திரி பார்த்திருக்க வேண்டும் டாக்டர்' என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அந்த அரை நிமிடம் உங்களுக்காகப் பேசும்.

மகனுக்கு 14. சின்ன வயதிலிருந்து பார்க்கும் டாக்டரிடம் இப்போது வாயே திறப்பதில்லை.

எட்டு வயதில் தெரிந்தவரிடம் பதினாலு வயதுக்காரன் கூச்சப்படுவது இயல்பு. அதுவும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பதிலையும் சொன்னால். பத்து நிமிடம் வெளியே காத்திருங்கள். தனியாகப் பேசினால்தான் இன்ஹேலரை நண்பர்கள் முன்னால் எடுக்க வெட்கம், எடுக்காமலே எடுத்தேன் என்று சொன்னது, யாரோ சிகரெட் நீட்டியது எல்லாம் வெளியே வரும். அப்போதும் பேசவில்லை என்றால், அவனையே ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு வருடம் முன்பு கோபத்தில் டாக்டரை மாற்றினோம். இப்போது பழையவரே மேல் என்று தோன்றுகிறது. திரும்பிப் போனால் ஏதாவது சொல்வாரா?

ஒன்றும் சொல்லமாட்டார். இப்படித் திரும்பி வருபவர்கள் எங்களுக்குப் புதிதல்ல. மன்னிப்புக் கேட்டு ஐந்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். இடையில் மற்றவர்கள் எழுதிய சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.