டெம்போ டிராவலரை கேம்பர் வேனாக மாற்றுகிறேன். லித்தியம் பேட்டரி எத்தனை ஏஎச் வாங்குவது? வண்டி ஓடும்போதே சார்ஜ் ஏற்றலாமா?

எத்தனை ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) என்பதற்குப் பத்து பேர் பதில் எழுதிவிடுவார்கள். நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காக. "செல்ஃப் பேட்டரியிலிருந்து ஒரு ரிலே வைத்து லித்தியத்துக்கு ஒயர் இழுத்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன், சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடமும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். அதன் விலை ஒரு ஆல்டர்னேட்டரும் (எஞ்சினோடு சுற்றி வண்டிக்குக் கரண்ட் தருவது), ஒரு ஊட்டிப் பயணமும், அம்மாவிடம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கும் ஏச்சும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் கிடையாது. பெங்களூர் பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். படித்துத் தெரிந்துகொண்டது பாதி, கையைச் சுட்டுக்கொண்டது மீதி. நீங்களும் என்னைப் போல செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி, வார இறுதிகளில் உட்கார்ந்து செய்கிற ஆள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் வண்டியில் முதல் இரண்டு வருடம் வீட்டு இன்வர்ட்டரிலிருந்து கழற்றிய 150 ஏஎச் ட்யூபுலர், அதாவது ஈய பேட்டரிதான் இருந்தது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் 150 என்று பெயர்தானே தவிர, கைக்குக் கிடைப்பது 75. ஆனால் ஒன்று, அதே ரிலே, அதே ஒயர், ஒரு நாள்கூடத் தொந்தரவு தந்ததில்லை. அதனால்தான் 200 ஏஎச் லித்தியம் வாங்கியபோது, பழையதைக் கழற்றிய இடத்தில் புதியதை வைத்து அதே ஒயரை முறுக்கிவிடச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் ஒரே ஒரு மாற்றம் செய்தார். ரிலேயை நானே ஆன் ஆஃப் செய்ய டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்தார். பழைய ஒயர் மெல்லிசாக இருக்கிறதென்று சொல்லி, நல்ல தடிமனான ஒயராகவும் மாற்றிக்கொடுத்தார். மனுஷன் நல்லெண்ணத்தில்தான் செய்தார். வினையே அந்தத் தடிமனான ஒயரில்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஊட்டிக்குக் கிளம்பினோம். மத்தூரில் வடைக்கு நிறுத்தினோம். வடைக்கு நிறுத்தாமல் யார் போகிறார்கள்? பந்திப்பூர் செக்போஸ்ட்டை அடைந்தபோது மணி 9:10. இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்று தெரியும், பத்து நிமிஷம்தானே, கெஞ்சிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். "ஆகல்ல சார்" என்று சொல்லிவிட்டு ஃபாரஸ்ட் கார்டு கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். சரி, வீடே கையோடு இருக்கிறதே என்று குண்டுலுபேட்டை பக்கம் திரும்பி, ஒரு பெட்ரோல் பங்க்கில் அனுமதி கேட்டு நிறுத்தினோம். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. இதற்குத்தானே இத்தனை பாடு.

அப்போதுதான் பார்த்தேன், பேட்டரி 11 சதவீதம். கிளம்பும்போது சுவிட்சைப் போட மறந்திருக்கிறேன், ஐந்து மணி நேரம் ஓட்டியும் ஒரு ஆம்ப்கூட ஏறவில்லை. ஃப்ரிட்ஜில் அம்மாவின் இன்சுலின் பேனாக்கள். சரி, எஞ்சினை ஓடவிட்டு முக்கால் மணி நேரம் ஏற்றினால் ராத்திரிக்குப் போதும் என்று சுவிட்சைத் தட்டினேன். போனில் பேட்டரியின் ஆப் சார்ஜிங் 62 ஆம்ப் என்று காட்டியது. அடேயப்பா, ட்யூபுலர் 20ஐத் தாண்டியதே இல்லையே என்று மனைவியைக் கூப்பிட்டு வேறு காட்டினேன்.

அரை மணி கழித்து அவள்தான் கேட்டாள், "ஏங்க, என்னமோ கருகுதே, வெளியில யாராவது டயர் கொளுத்தறாங்களா?" டயர் வாசனை இல்லை அது. மிக்ஸி மோட்டார் எரிந்தால் வருமே, வார்னிஷும் இனிப்பும் கலந்த மாதிரி ஒரு நாற்றம், அது. முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எஞ்சின் மூடியைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. மூடியைத் தூக்கியதும் ஒரு இழை வெள்ளைப் புகை, பின்னாலேயே டாஷில் சிவப்பு பேட்டரி விளக்கு. எஞ்சினை அணைத்தேன். அம்மா எதுவும் சொல்லாமல் இன்சுலினை ஈரத்துணியில் சுற்றிப் பாத்திரத்தில் வைத்தார். அந்த மௌனத்துக்கு ஏச்சே பரவாயில்லை.

காலையில் லைட், ஃபேன் எதுவும் போடாமல், செல்ஃப் பேட்டரியில் இருந்த மிச்சத்தை நம்பி 60 கிலோமீட்டர் திரும்பி மைசூருக்கு ஓட்டினேன். அங்கே வைண்டிங் கடை வைத்திருந்தவர் சேலத்துக்காரர். ஆல்டர்னேட்டரைப் பிரித்து, கருகிய வறுகடலை நிறத்தில் இருந்த தாமிரச் சுற்றை என் கையில் கொடுத்தார். "சார், இது ஆல்டர்னேட்டர். வெல்டிங் மெஷின் இல்ல." என்ன பேட்டரி என்று கேட்டார், சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் சொன்னதும் பிறகு நான் படித்ததும் ஒன்றுதான். ஈய பேட்டரி கொஞ்சம் நிரம்பியதுமே வாங்குகிற கரண்டைத் தானே குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு உள் மின்தடை மிகக் குறைவு. ஏறக்குறைய நிரம்பும் வரை கொடுக்கிறதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். வண்டி ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் முழுச் சுமை இழுப்பதற்காகச் செய்ததல்ல. ஸ்டார்ட் ஆனதும் செல்ஃப் பேட்டரியில் குறைந்ததைச் சற்று நேரம் நிரப்பிவிட்டு, அப்புறம் லைட், ஹாரனுக்குக் கொடுத்துக்கொண்டு ஓய்வாக இருப்பது அதன் வேலை. அதிலும் வண்டி ஐடிலிங்கில் நின்றால் ஆல்டர்னேட்டரின் சொந்த விசிறியே மெதுவாகத்தான் சுற்றும், சூடு வெளியேறாது. நான் செய்தது இரண்டு தப்பையும் ஒரே நேரத்தில்.

கருத்துப் பகுதியில் "நான் அஞ்சு வருஷமா டைரக்டாத்தான் ஓட்டறேன், ஒண்ணும் ஆகல" என்று வரப்போகிற அண்ணன்களுக்கு: ஆகாமல் இருந்திருக்கலாம், நம்புகிறேன். உங்கள் ஒயர் நீளமாகவும் மெல்லிசாகவும் இருந்தால் அந்த ஒயரின் தடையே கரண்டைக் கட்டுப்படுத்தி உங்களைக் காப்பாற்றியிருக்கும். எதற்கும் ஒருமுறை அந்த ஒயரைத் தொட்டுப் பாருங்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் கொடுத்துக்கொண்டிருக்கும்போது லித்தியத்தின் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு) ஏதோ காரணத்துக்காகப் பட்டென்று துண்டித்தால், போக இடமில்லாமல் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும். ஆல்டர்னேட்டர் டயோடு போகலாம், வண்டியின் எலக்ட்ரானிக்ஸும் போகலாம்.

தீர்வு டிசி-டிசி சார்ஜர். நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து இவ்வளவுதான் எடுப்பேன் என்று கட்டுப்படுத்தி, லித்தியத்துக்கு வேண்டிய வோல்டேஜில் கொடுக்கும். நான் போட்டிருப்பது 30 ஆம்ப். என் ஆல்டர்னேட்டர் 90 ஆம்ப், அதில் மூன்றில் ஒரு பங்கு போனால் அதற்கு வலிக்காது. ஆறு மணி நேரம் ஓட்டினால் 180 ஏஎச் ஏறிவிடுகிறது, ஊட்டி போய்ச் சேரும்போது பேட்டரி ஏறக்குறைய ஃபுல். விலை கேட்டதும் முதலில் எனக்கும் வயிறு எரிந்தது. ஆல்டர்னேட்டர் ரீவைண்டிங், டயோடு பிளேட், இரண்டு நாள் லாட்ஜ் எல்லாம் கூட்டிப் பார்த்த பிறகு எரியவில்லை.

இப்போது எந்த பேட்டரி என்பதற்கு வருகிறேன். எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் மட்டும் வாங்குங்கள். 2022இல் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் எரிந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு என் அம்மா இந்த பேட்டரிக்கு மேலே இருக்கும் சீட்டில் படுக்கவே மறுத்தார். நிக்கல் கலந்த என்எம்சி செல்லோடு ஒப்பிட்டால் எல்எஃப்பி சூட்டை நன்றாகத் தாங்கும், அதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் லேசில் வெளியே வராது. அம்மாவைச் சமாதானப்படுத்தியது இந்த வேதியியல் இல்லை. இந்த வகை பேட்டரி டெக்சாஸில் விஞ்ஞானி ஜான் குட்இனஃப் ஆய்வகத்தில் 1990களில் பிறந்தது. அதற்கு முன்பே 80களில் அவரோடு சேர்ந்து இதே பாதையில் அடிப்படை வேலை செய்த ஆறுமுகம் மந்திரம் தமிழ்நாட்டு கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்தவர். 2019இல் குட்இனஃப்புக்கு நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவரும் இவரே. இதைச் சொன்ன அன்று ராத்திரி அம்மா அந்த சீட்டில் படுத்தார்.

ரெடிமேட் பேக் வாங்குவதா, செல் வாங்கி நாமே கட்டுவதா? நான் முதலில் கட்டத்தான் ஆசைப்பட்டேன். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் '280 ஏஎச்' என்று நான்கு செல் வாங்கினேன். நீல உறை பளபளவென்று புதிது. ஆனால் டெர்மினலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உப்புத்தாள் தேய்த்த கோடுகள். பழைய பேக்கிலிருந்து பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) வெல்டிங்கைப் பிய்த்து, தேய்த்து, புது உறை போட்டிருக்கிறார்கள். கெப்பாசிட்டி டெஸ்டரில் போட்டால் வந்தது 214. கடைக்காரர் பாதிப் பணம் தந்தார், அதுவும் நான் மூன்று சனிக்கிழமை போய் அவர் கடை வாசலில் நின்ற பிறகு. டெஸ்டர் கையில் இல்லாவிட்டால் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை என் கணக்கைச் சொல்கிறேன், உங்களுடையது வேறாக இருக்கும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் நம் வெயிலில் ஒரு நாளைக்கு 45 முதல் 50 ஏஎச் தின்னும். ராத்திரி முழுக்க ஒரு ஃபேன் 16. லைட்டும் போனும் ஒரு 8. இண்டக்ஷன் அடுப்பு 20 நிமிஷம் போட்டால் இன்வர்ட்டர் நஷ்டத்தோடு 45. ஆக 115 முதல் 120. என் 200 ஏஎச் ஒன்றரை நாள் ஓடும். இங்கே ஏஎச்சைவிட பிஎம்எஸ் எத்தனை ஆம்ப் விடும் என்பது முக்கியம். 1500 வாட் இண்டக்ஷன் 130 ஆம்ப்புக்குக் குறையாமல் இழுக்கும். நண்பர் ஒருவர் 100 ஆம்ப் பிஎம்எஸ் உள்ள 100 ஏஎச் பேட்டரியில் பால் காய்ச்சப் போய், ஒவ்வொரு முறையும் வண்டியே இருட்டாகி, கடைசியில் கேஸ் அடுப்புக்கே திரும்பிவிட்டார். இந்த கரண்டுக்கு ஒயர் 50 ஸ்கொயர் எம்எம் போடுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும்.

வோல்ட் மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 80 சதவீதத்திலும் இது 13.2 பக்கம்தான் நிற்கும், 40லும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும், அப்புறம் திடீரென்று குப்புற விழும். உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்டைக் கணக்கு வைக்கும் ஷன்ட் மீட்டர் ஒன்று போதும். வீட்டில் ஏற்றும்போது சார்ஜர் 14.2 முதல் 14.4 வோல்ட்டில் நிற்க வேண்டும். ட்யூபுலர் மோடில் ஈக்வலைசேஷன் என்று சில சார்ஜர்கள் 15க்கு மேல் தள்ளும், அது இதற்கு ஆகாது. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பாதி சார்ஜில் நிறுத்துங்கள்.

குளிரையும் சொல்ல வேண்டும். அடுத்த ஜனவரியில் ஒருவழியாக ஊட்டி போய்ச் சேர்ந்தபோது, தலைகுந்தா பக்கம் காலையில் புல்லெல்லாம் உறைபனி. சோலார் பேனலில் வெயில் விழுகிறது, சார்ஜ் பூஜ்யம். பேட்டரி பெட்டியை வண்டிக்கு அடியில் வெளியே மாட்டியிருந்தேன், உள்ளே செல் சூடு 3 டிகிரி. எல்எஃப்பியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும், அதனால் என் பிஎம்எஸ் 5 டிகிரியிலேயே கதவைச் சாத்திவிடுகிறது. பத்து மணிக்குத் தானாகவே திறந்துகொண்டது. திரும்பி வந்ததும் பெட்டியை சீட்டுக்கு அடியில் மாற்றிவிட்டேன்.

வீட்டில் ஏற்றுவது என்று சொன்னேனா, அதில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. ராமமூர்த்தி நகரில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் என் மீட்டரிலிருந்து, என் செலவில் ஒரு 15 ஆம்ப் பிளக் வைத்திருந்தேன். மாதம் இரண்டு மூன்று யூனிட்தான். அசோசியேஷன் மீட்டிங்கில் 'கமர்ஷியல் வெஹிக்கிள், தீ அபாயம்' என்று தீர்மானம் போட்டு பிளக்கைக் கழற்றச் சொன்னார்கள். தீர்மானம் போட்டவர்களில் மூன்று பேர் அதே பார்க்கிங்கில் ஸ்கூட்டருக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடுகிறவர்கள். டீசல் ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் பழைய சோபாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அது தீ அபாயம் இல்லையாம். வண்டி இப்போது ஓசூரில் மச்சான் வீட்டுக் காலிமனையில் நிற்கிறது. மேலே இருக்கும் 400 வாட் பேனல்தான் அதற்குச் சாப்பாடு போடுகிறது.

உங்கள் வண்டி பிஎஸ்6 என்றால் ஓட்டும்போது செல்ஃப் பேட்டரியில் வோல்டேஜ் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு டிசி-டிசி சார்ஜர் வாங்குங்கள். சில வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், ஓடும்போதே 12 பக்கம் இறங்கும். அப்படி இருந்தால் வோல்டேஜைப் பார்த்து ஆன் ஆகிற மாடல் வேண்டாம், இக்னிஷன் ஒயரில் ஆன் ஆகிறதாகப் பார்த்துக் கேளுங்கள். அப்புறம் ஆல்டர்னேட்டர் மேல் ஒரு ஸ்டிக்கரில் எத்தனை ஆம்ப் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து இங்கேயே எழுதுங்கள், 30 போதுமா என்று சொல்கிறேன்.