எச்.ஐ.வி.யும் ஓயாத வயிற்றுப்போக்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வயது 41. எச்.ஐ.வி.க்காக ஓராண்டாக அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். ஆறு வாரமாக நாளுக்கு நாலைந்து தடவை தண்ணீராகப் போகிறது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையைப் போட்டால் இரண்டு நாள் நிற்கும், பிறகு மறுபடியும் ஆரம்பித்துவிடும். 58 கிலோ இருந்தவன் 52க்கு வந்துவிட்டேன். பயத்தில் வெறும் கஞ்சிதான் குடிக்கிறேன். என்ன சாப்பிட்டால் நிற்கும்? (சேலம் வாசகர்)

பதில்: நான்கு வாரத்தைத் தாண்டிய பேதியைச் சாப்பாட்டால் மட்டும் நிறுத்த முயலாதீர்கள். உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இந்த வாரமே ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய் இரண்டையும் சொல்லுங்கள்: எத்தனை வாரமாகப் போகிறது, எத்தனை கிலோ குறைந்தது. சி.டி.4 (எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணு எண்ணிக்கை), வைரஸ் அளவு, குடல் காசநோய் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மலப் பரிசோதனையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். ஒரே ஒரு நாள் கொடுத்து, 'ஒன்றும் இல்லை' என்று வந்ததும் விட்டுவிடுகிறார்கள். கிருமி தினமும் மலத்தில் வெளிப்படாது. அதனால் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை, சிறுநீர் கலக்காமல், உலர்ந்த சுத்தமான டப்பாவில் கொடுக்க வேண்டும். எச்.ஐ.வி.யில் அதிகம் வரும் குடல் ஒட்டுண்ணிகளான கிரிப்டோஸ்போரிடியம், சிஸ்டோஐசோஸ்போரா இரண்டும் வழக்கமான பரிசோதனையில் தவறிவிடக்கூடும். 'மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட்' சாயப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சிஸ்டோஐசோஸ்போரா என்றால் கோட்ரைமாக்சசோல் என்ற மருந்துக்கு நன்றாகக் கேட்கும். அளவும் நாட்களும் மருத்துவர் சொல்வதுபோல. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு அப்படி நம்பி இருக்க ஒரு மருந்து இல்லை, ஏ.ஆர்.டி. வேலை செய்து சி.டி.4 ஏறினால்தான் அடங்கும். எனவே பேதி போகிறதே என்று ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

கடையில் வாங்கியது பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையாக இருக்கலாம். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அதைத் தொடவே கூடாது.

இனி சாப்பாடு. வெறும் கஞ்சி உங்களை இன்னும் இளைக்க வைக்கும். அதில் புரதமும் குறைவு, போதிய சக்தியும் இல்லை. ஐம்பது கிராம் பச்சரிசியோடு இருபத்தைந்து கிராம் பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்து, உப்பும் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் விட்டுச் சாப்பிடுங்கள். மூன்று வேளையை ஆறாகப் பிரித்து, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் குடல் தாங்கும். இட்லி, மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த கேரட், காரம் குறைந்த வாழைக்காய்ப் பொரியல், நேந்திரம்பழம் எல்லாம் ஆகும். நாளுக்கு இரண்டு முட்டையை மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவைத்துச் சாப்பிடலாம். முள் நீக்கிய மீனும் நல்லது. பால் வேண்டாம்: புண்பட்ட குடலால் பால் சர்க்கரையைச் செரிக்க முடியாமல் பேதி கூடும். தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு என்பதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஃபில்டர் காபி, பொரித்த பண்டம், மிளகாய்ப்பொடி, பலாப்பழம், கீரைத்தண்டு இவற்றை இப்போதைக்கு ஒதுக்குங்கள். மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தால் கொழுப்பு உடம்பில் சேரவில்லை என்று அர்த்தம். அப்படி இருந்தால் மட்டும் எண்ணெயையும் தேங்காயையும் குறைத்துக்கொண்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: டி.எல்.டி. என்ற எச்.ஐ.வி. கூட்டு மாத்திரையை இரவு 9 மணிக்குப் போடுகிறேன். பேதியால் சத்து போய்விட்டதென்று கால்சியம், இரும்பு, ஜிங்க் மாத்திரைகளையும் அதோடு சேர்த்தே விழுங்குகிறேன். சரிதானா? (மதுரை வாசகி)

பதில்: சரியில்லை, இன்றே மாற்றுங்கள். டி.எல்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிர் இந்தத் தாதுக்களைக் குடலிலேயே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிக்கொண்ட மருந்து ரத்தத்தில் சேராது. தினமும் இப்படி நடந்தால் வைரஸ் மறுபடி தலைதூக்க இடம் கிடைக்கும். சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்பாக, அல்லது ஆறு மணி நேரம் கழித்து டி.எல்.டி. போட வேண்டும். நீங்கள் இரவு 9 மணிக்குப் போடுவதால் சத்து மாத்திரைகளைக் காலைச் சிற்றுண்டியோடு முடித்துவிடுங்கள். எப்படியும் மதியம் 3 மணியைத் தாண்டக் கூடாது. கால்சியத்தையும் இரும்பையும் சாப்பாட்டோடு டி.எல்.டி.யுடன் சேர்த்துப் போட விதிவிலக்கு உண்டு. ஆனால் வெறும் வயிற்றில் ஒருநாள் போட்டாலும் குழப்பம்தான், நேரம் பிரிப்பதே பத்திரம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மெக்னீசியம், அலுமினியம் கலந்த ஜெல்லுக்கு அந்த விதிவிலக்கும் கிடையாது.

ஜிங்க் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாத வயதைத் தாண்டிய குழந்தைகளின் பேதிக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள் என்பது நிலைபெற்ற சிகிச்சை. எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களின் நாள்பட்ட பேதியில் அதே பலன் நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம்.

கேள்வி: எச்.ஐ.வி.க்கு இரண்டாம் கட்ட மருந்தாக லோபினாவிர், ரிடோனாவிர் ஆரம்பித்த நாளிலிருந்து பேதி. மலப் பரிசோதனையில் கிருமி இல்லை. வேறு வழி? (திருச்சி வாசகர்)

பதில்: இந்த மருந்துக்கு இது நன்கறிந்த பக்கவிளைவு. முதல் சில வாரங்களில் அதிகமாக இருந்து பலருக்குக் குறையும். மாத்திரையை உடைக்காமல் முழுதாக விழுங்குங்கள்.

இசப்கோல் உமி உதவக்கூடும். அது தண்ணீரை உறிஞ்சி மலத்தை இறுக்கும். ஒரு டீஸ்பூனை அரைக் கிண்ணம் தயிரில் கலந்து, கெட்டிப்படுமுன் சாப்பிட்டு, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நாளுக்கு இருமுறை போதும். உலர்ந்த உமியை அப்படியே வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வயிறு உப்பி, முறுக்கி வலிப்பவர்கள் குடல் காசநோய் இல்லை என்று தெரியும்வரை இதைத் தொட வேண்டாம். குடல் சுருங்கிய இடத்தில் உமி அடைத்துக்கொள்ளும்.

நெல்ஃபினாவிர் என்ற பழைய மருந்தின் பேதிக்கு கால்சியம் கார்பனேட் 500 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சிலருக்குக் குறைந்தது. உங்கள் கூட்டு மருந்தில் டோலுடெக்ராவிரும் இருந்தால் மேலே சொன்ன நேரக்கணக்கு இதற்கும் உண்டு. ரிடோனாவிர் லோபரமைடின் அளவை ரத்தத்தில் ஏற்றும், ஆகவே மருத்துவரைக் கேட்காமல் அதைப் போடாதீர்கள். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மருந்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வேளை தவறவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: வீட்டில் கேன் தண்ணீர்தான். அது போதாதா? (சென்னை வாசகி)

பதில்: சி.டி.4 குறைவாக இருக்கும்போது போதாது. கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு அசையாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்தபின் ஒரு நிமிடம் விட்டு, மூடி ஆறவையுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு, மோருக்கும் சட்னிக்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிற வீடுகள் நிறைய. பல் துலக்கி வாய் கொப்பளிக்கவும் ஆறவைத்த தண்ணீரையே எடுங்கள். நறுக்கி விற்கும் பழம், ஐஸ், பானிபூரித் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: ஓ.ஆர்.எஸ்.க்குப் பதில் இளநீர் குடிக்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கூடவே குடிக்கலாம், பதிலாக ஆகாது. பேதியில் அதிகம் போவது சோடியம். இளநீரில் அது குறைவு, பொட்டாசியம்தான் அதிகம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் தண்ணீர் அளவைப் பாருங்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் கரைத்தால் உப்பு கூடும் அல்லது குறையும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு முறை போனதும் ஒரு டம்ளர்.

டி.எல்.டி.யில் உள்ள டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து கூடும். வயிற்றுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போட்டால் இன்னும் மோசம். எழுந்து நின்றதும் தலை சுற்றினாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, குடிப்பதெல்லாம் வாந்தியானாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: புரோபயாடிக் கேப்ஸ்யூல்? (ஈரோடு வாசகர்)

பதில்: சி.டி.4 மிகக் குறைவாக இருந்தால் நீங்களாக வாங்காதீர்கள். அதில் இருப்பது உயிருள்ள ஈஸ்ட் அல்லது பாக்டீரியா; எதிர்ப்புச் சக்தி சரிந்த உடம்பில், அரிதாக, அதுவே ரத்தத்தில் கலந்து நோயாகியிருக்கிறது. கொதிக்கவைத்த பாலில் வீட்டில் உறையூற்றிய புளிக்காத தயிர் போதும்.