நஷீதும் கிரிஃபுஷித் தீவும்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மாலத்தீவு பற்றிச் சென்ற மாதம் எழுதிய கட்டுரையில் அந்நாட்டின் முன்னாள் ஜனாதிபதி முகமது நஷீதை ‘வாக்குச்சீட்டால் ஆட்சியை மாற்றலாம் என்று அந்தத் தீவுகளுக்குக் காட்டியவர்’ என்று ஒற்றை வரியில் உயர்த்திவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நான் தூத்துக்குடிக்காரன். அப்பா தோணியில் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு தலைநகர் மாலிக்குப் போய்வந்தவர். அந்த ஊர்ச் சேதி எங்கள் வீட்டில் எப்போதும் பேச்சாக இருக்கும். கடலுக்கடியில் அமைச்சரவையைக் கூட்டி விளம்பரம் தேடினார் நஷீத். ராணுவத்தை விட்டு ஒரு நீதிபதியைப் பிடித்து அடைத்தார். கடைசியில் தான் வளர்த்த கட்சியையே உடைத்துக்கொண்டு வெளியேறினார். அவருக்கும் அவருக்கு முன் ஆண்ட கயூமுக்கும் என்னதான் வித்தியாசம்?

ஒரு வாசகன், தூத்துக்குடி

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒற்றை வரியில் கடந்தது என் பிழைதான். நீதிபதியைப் பிடித்து அடைத்ததும் தவறுதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ‘என்ன வித்தியாசம்’ என்ற கேள்வியை என்னால் அப்படியே விட்டுவிட முடியாது.

மாமூன் அப்துல் கயூம் 1978 முதல் 2008 வரை முப்பது வருடம் ஆண்டார். அந்தக் காலத்தில் மஜ்லிஸ், அதாவது நாடாளுமன்றம், ஒரே ஒரு பெயரை முன்மொழியும். மக்கள் சம்மதமா இல்லையா என்று மட்டும் வாக்களிக்கலாம். அப்படி ஆறு முறை ‘வென்றார்’ கயூம். அந்த நாட்டில் 1990இல், இருபத்து மூன்று வயதில், நஷீத் எழுதிய பத்திரிகையின் பெயர் ‘சங்கு’. அவர்களுடைய திவேஹி மொழியிலும் சங்குக்குச் சங்கு என்றுதான் பெயர். பத்திரிகையைத் தடை செய்தார்கள், அவரைச் சிறையில் போட்டார்கள். பதினெட்டு மாதம் தனிமைச் சிறை. 1991இல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி அவரை மனசாட்சிக் கைதி என்று அறிவித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கைதுகள்.

2003 செப்டம்பரில் மாஃபுஷி சிறையில் ஈவான் நசீம் என்ற 19 வயதுப் பையனை அடித்தே கொன்றார்கள். அவன் தாய் அந்த உடலை மூடி மறைக்க விடவில்லை. ஊர் பார்க்கட்டும் என்றார். மாலி அன்று கொதித்தது. மாலத்தீவு ஜனநாயகத்தின் தொடக்கப் புள்ளி எது என்று கேட்டால் நான் நஷீதைச் சொல்லமாட்டேன், அந்தத் தாயைத்தான் சொல்வேன். அந்தக் கொதிப்புக்கு ஒரு கட்சியின் வடிவத்தைக் கொடுத்தது நஷீத். உள்ளூரில் கட்சி நடத்த முடியாது என்பதால் அந்த நவம்பரில் கொழும்பில் வைத்துத் தொடங்கினார்கள். 2005இல் ஊர் திரும்பினார்.

2008 அக்டோபரில் பல கட்சிகள் போட்டியிட்ட முதல் தேர்தல். முதல் சுற்றில் கயூமுக்கு 40 விழுக்காடு, நஷீதுக்கு 25. மற்ற வேட்பாளர்கள் நஷீத் பக்கம் வந்தார்கள். இரண்டாம் சுற்றில் 54 விழுக்காட்டுடன் ஜெயித்தார். தன்னை அடைத்துவைத்தவரைப் பழிவாங்கப் போவதில்லை என்றார், அப்படியே நடந்தும் கொண்டார். 65 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 2000 ரூஃபியா ஓய்வூதியம் கொடுத்தார். நம்மில் பலர் கடலடிக் கூட்டத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். தூரத் தீவுகளில் கிழவிகள் நினைவில் வைத்திருப்பது அந்தப் பணத்தை.

கடலடிக் கூட்டம் விளம்பரம்தான், ஒப்புக்கொள்கிறேன். சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரம்கூட எழும்பாத தரையை வைத்துக்கொண்டு கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பெரிய நாடுகளின் காதில் விழ வேறு என்ன செய்ய முடியும்? 2009 அக்டோபர் 17 அன்று அவரும் அமைச்சர்களும் முக்குளிப்பு உடையில் இறங்கி, கையசைவில் பேசி, கையெழுத்திட்டார்கள். இடம் கிரிஃபுஷி, ராணுவம் பயிற்சி எடுக்கும் தீவு. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நஷீதின் சிக்கல் நீதிமன்றத்தில் இருந்தது. ஜனாதிபதி மாறினார், நீதிபதிகள் கயூம் காலத்தவர்களாகவே இருந்தார்கள். 2008 அரசியல் சட்டத்தின் 285ஆம் பிரிவு, இரண்டு வருடத்துக்குள் ஒவ்வொரு நீதிபதியின் தகுதியையும் சோதித்து அதன் பிறகே நிலைநிறுத்தச் சொன்னது. 2010 ஆகஸ்டில் நீதிச்சேவை ஆணையம் அந்தப் பிரிவை வெறும் சடங்காக்கி ஏறத்தாழ எல்லோரையும் அப்படியே பதவியில் அமர்த்தியது. ஆணையத்துக்குள்ளேயே இருந்து கத்திப் போராடியவர் ஐஷத் வெலிசினி. 2011 ஜனவரியில் அவரைப் பட்டப்பகலில் மாலித் தெருவில் கத்தியால் குத்தினார்கள். மஜ்லிஸிலும் நஷீதுக்குப் பெரும்பான்மை இல்லை. கூட்டணிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்துபோனார்கள்.

இந்த முட்டுச்சந்தில்தான் 2012 ஜனவரி 16 அன்று குற்றவியல் நீதிமன்றத் தலைமை நீதிபதி அப்துல்லா முகமதை ராணுவம் பிடித்தது. கொண்டுபோய் வைத்த இடம் அதே கிரிஃபுஷி. அந்த நீதிபதி மேல் புகார்கள் இருந்தன. இருக்கட்டும். நீதிமன்ற ஆணை இல்லாமல் ஒரு மனிதனை ஒரு தீவில் அடைத்துவைப்பது என்றால் என்ன என்று அந்த நாட்டில் நஷீதைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான். வேறு வழி இல்லை என்ற பதிலை அவரை அடைத்தவர்களும் சொல்லியிருப்பார்கள். 22 நாள் தெருவில் போராட்டம். பிப்ரவரி 7 அன்று போலீஸே கலகம் செய்ய, தொலைக்காட்சியில் பதவி விலகினார். துப்பாக்கி முனையில் விலக வைத்தார்கள் என்று மறுநாள் சொன்னார். அதன்பின் அமைந்த விசாரணை ஆணையம் கவிழ்ப்பு நடக்கவில்லை என்றது. 1988இல் இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட்டின் ஆட்கள் மாலியைத் தாக்கியபோது கயூமைக் காக்கப் படை அனுப்பிய இந்தியா, 2012இல் புதிய ஆட்சியை உடனே ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றத்தோடு அவர் கணக்கு அதோடு முடியவில்லை. 2013இல் முதல் சுற்றில் 45 விழுக்காடு வாங்கினார். உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. திரும்ப நடந்ததில் அப்துல்லா யாமீனிடம் இரண்டாம் சுற்றில் சிறு வித்தியாசத்தில் தோற்றார். 2015 மார்ச்சில், அந்த நீதிபதியை அடைத்த வழக்கில், பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் 13 வருடச் சிறை. வழக்கு மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது! நான் தவறு என்று சொன்ன அதே செயலுக்குத்தான் தண்டனை. ஆனால் அதை நீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கயூமோடு ஒப்பிட்டீர்கள். கயூமின் வேறு தாய்க்குப் பிறந்த தம்பியான யாமீன் 2018இல் கயூமையே சிறையில் போட்டார். அதற்கு முந்தைய வருடமே நஷீதும் கயூமும் யாமீனுக்கு எதிராகக் கைகோத்திருந்தார்கள். தன்னைச் சிறையில் வைத்தவரோடு ஒரே மேடைக்கு வர நஷீதால் முடிந்தது. உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய பதில் அதுதான்.

கட்சிப் பிளவில் நீங்கள் சொல்வதே சரி. சிறைக்குப் பிறகான நாடு கடந்த வாழ்க்கையிலிருந்து 2018இல் திரும்பினார். 2019இல் கட்சி 87 இடங்களில் 65ஐ வென்றது, சபாநாயகர் ஆனார். 2021 மே மாதம் வீட்டு வாசலில் குண்டு வெடித்து உயிர் தப்பினார். இத்தனைக்கும் பிறகு, அதே கட்சிக்காரரும் அப்போதைய ஜனாதிபதியுமான இப்ராகிம் சோலிஹோடு பகைத்து, 2023இல் உட்கட்சித் தேர்தலில் தோற்று, வெளியேறினார். அந்த வருட ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தது எதிரணியின் முய்ஸு.

உங்கள் அப்பா 2008 அக்டோபரில் மாலியில் இருந்தாரா? சரக்கு இறக்குகிற கரையில் அந்த வாரம் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.