மனம் வராத நாளில் விளக்கு

அன்புள்ள அண்ணா,

வன்னியில், மாங்குளத்தில் இருக்கிறேன். கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். விடியுமுன் கிணற்றடி, அடுப்படி, பிறகு பஸ், பகல் முழுதும் கணக்கு, இருட்டியபின் மறுபடி அடுப்படி. கிழமை முடிந்தால் கடன் தவணை. அன்றாட வாழ்விலேயே இறைவனைக் காணலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கோயிலில் நின்றாலும் மனம் அசைவதில்லை. எதுவும் தோன்றாமல் விளக்கேற்றுவது பொய்யல்லவா? இந்த வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மா கூப்பிடுகிறார். போவதா, விடுவதா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பொய்யல்ல. மற்றதெல்லாம் பிறகு.

உள்ளம் உருகினால்தான் நம்பிக்கை என்று எங்களுக்கு யாரோ சொல்லித் தந்துவிட்டார்கள். வன்னியில் நான் பார்த்து வளர்ந்த நம்பிக்கை முதலில் கையில் இருக்கும். மனம் பின்னால் வரும். சில நாள் வராமலும் போகும்.

நீங்கள் ஏறும் பஸ் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டித்தான் போகிறது. அங்கே நிற்கும் அந்தச் சில நிமிடங்களைப் பாருங்கள். நடத்துநர் ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்துகிறார். யாரோ தேங்காய் உடைக்கிறார். ஒரு தாய், தோளில் தூங்கும் பிள்ளையின் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு மறுதோளுக்கு மாற்றிக்கொள்கிறார். அதே விரல்களால் கச்சான் கடலைச் சரையை வாங்குகிறார். அதற்குள் சாரதி ஹோர்ன் அடித்துவிடுகிறார். மெய்சிலிர்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. அதைப் பக்தி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. போகும் வழி தன் கையில் மட்டும் இல்லை என்பதை அத்தனை பேரும் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

குளத்து நீர் எட்டாத மானாவாரி வயல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணை உழுது, புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வடகீழ்ப் பருவமழைக்காகக் காத்திருப்பார்கள். மழை பிந்தினால் விதை நெல்லும் போகும், பட்ட கடனும் நிற்கும். விதைக்கிற அன்று அவர்கள் மனதில் நிம்மதியா இருக்கும்? பயந்துகொண்டே விதைப்பார்கள். வன்னி சோறு தின்றது அந்த விதைப்பினாலும்தான்.

வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நானும் அதை வணங்குகிறேன். ஆனால் அந்த நீர் வரும் வழியையும் நினைத்துப் பாருங்கள். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து ஒரு கிழமை விளக்கெரித்து, பிறகுதான் கண்ணகி அம்மனிடம் கொண்டுவருகிறார்கள். குடம் தேய்ப்பவர், திரி திரிப்பவர், வழிநெடுக வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பவர் என்று எத்தனை கைகள்! கிணற்றடியில் நாள்தோறும் நீங்கள் செய்கிற வேலைகள்தானே இவை?

ஒன்றை மட்டும் ஏற்கமாட்டேன். நடந்த எல்லாவற்றுக்கும் ஒரு பொருள் உண்டு என்று ஆறுதல் சொல்கிறார்கள். 2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதைச் சொல்லக்கூடாது. அந்தச் சாவுகளில் எந்தப் பொருளும் ஒளிந்திருக்கவில்லை. ஆனால் அன்று உயிரைப் பிடித்து வைத்த, அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டுமான கஞ்சியை இன்று ஒவ்வொரு மே மாதமும் தெருவோரத்தில் காய்ச்சி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வார்க்கிறார்களே, அதில் பொருள் இருக்கிறது. அகப்பை பிடித்தவர்கள் அந்தப் பொருளை அதில் வைத்தார்கள். அன்றாடத்தில் இறைவன் என்று நான் எழுதியது இதை எண்ணித்தான். அதை அப்போதே விளக்கமாக எழுதியிருக்கலாம்.

புதுக் கணக்குப் புத்தகத்தில் நீங்களும் பிள்ளையார் சுழி போட்டுத்தானே தொடங்குகிறீர்கள்? போடும்போது என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்பதில்லை. விளக்கையும் அப்படியே ஏற்றுங்கள். ஒரு நாள் மனம் கூட வந்தால் நல்லது. வராவிட்டாலும் வீடு இருட்டில் இருக்காது.

வற்றாப்பளைக்குப் போங்கள். வைகாசி வெயிலில், அந்தச் சனக்கூட்டத்தில், அம்மா பானையும் அரிசியும் விறகும் தனியாகச் சுமக்கக்கூடாது.

அன்புடன்,
அண்ணா