காஷ்மீர்ச் சால்வை: கேட்டதும் சொன்னதும்

சேலம் வாசகர்: பஷ்மினா என்பது ஆட்டின் பெயரா?

இல்லை. பாரசீகத்தில் பஷ்ம் என்றால் கம்பளி. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் சாங்பா மக்கள் மேய்க்கும் ஆடுகளுக்கு, குளிரைத் தாங்க மேல்முடிக்கு அடியில் ஒரு மென்முடி வளரும். குளிர் விட்டதும் அதைச் சீப்பால் வாரி எடுப்பார்கள். அதுதான் பஷ்மினா. பருமன் 12 முதல் 16 மைக்ரான்தான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மதுரை: மோதிரத்துக்குள் நுழைந்தால் அசல்தானே?

இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். விஸ்கோஸ் என்ற மெல்லிய செயற்கை இழைத் துணியும் நுழையும். கனமான கானி சால்வை அசலாகவே இருந்தாலும் சிக்கிக்கொள்ளும். புவிசார் குறியீட்டு முத்திரையைப் பாருங்கள். காஷ்மீர் பஷ்மினாவுக்கு அது 2008இல் கிடைத்தது.

சென்னை: கானி, சோஸ்னி என்ன வித்தியாசம்?

சோஸ்னி, நெய்து முடித்த துணியில் ஊசியால் போடும் வேலை. கானியில் பூ தறியிலேயே பிறக்கிறது. ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவுக்குப் பதில் வண்ண நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகள். ஒரு சால்வைக்கே நூற்றுக்கணக்கில் இருக்கும். எந்த நிறம் எத்தனை இழையைத் தாண்ட வேண்டும் என்று தாலீம் என்ற குறிப்புத்தாள் சொல்லும். நெசவாளர் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு குச்சியாக நுழைப்பார். வேலை நிறைந்த சால்வைக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

ஈரோடு: தாத்தாவின் ஷாதூஷ் சால்வையை விற்கலாமா?

கூடாது. திபெத்தியச் சிரு மானைக் கொன்றுதான் அந்த முடியை எடுக்கிறார்கள். விற்பது குற்றம். வனத்துறையிடம் கேளுங்கள்.

ஊட்டி: தோடர் சால்வையும் கம்பளியா?

இல்லை. பூத்துக்குளி என்னும் அந்தச் சால்வை பருத்தித் துணி. அதன் சிவப்பு, கறுப்புப் பூவேலையின் அழகு தனி. அதைத் தோடர் பெண்களிடமே கேட்பதுதான் சரி.

திருப்பூர்: நான் நூற்பாலைக்காரன். எந்திர நூல் சீராக இருக்கும், கைநூல் ஏறி இறங்கும். எதற்குக் கைநூலைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

நல்ல கேள்வி. பஷ்மினா இழை குட்டை, மிக மெலிது. தனியாக எந்திரத்தில் ஓட்டினால் அறும். அதனால் நைலானைக் கலந்து நூற்று, நெய்த பிறகு அமிலத்தில் நைலானைக் கரைக்கிறார்கள். அந்த அமிலம் பஷ்மினாவையும் விட்டுவைப்பதில்லை.

ஸ்ரீநகர் வீடுகளில் பெண்கள் முடியை அரிசி மாவில் பிசறி வைப்பார்கள். மாவு எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொள்ளும். அப்புறம் உதறி, யெந்தர் என்னும் ராட்டையில் நூற்பார்கள். இழையின் பலவீனம் அந்த விரலுக்குத் தெரியும், அதற்கேற்ப இழுப்பைத் தளர்த்தும்.

மதுரையிலிருந்து இன்னொருவர்: மோதிரச் சோதனை…

மேலே சொன்னதுதான். மோதிரம் வேண்டாம், முத்திரையைப் பாருங்கள்.

திருப்பூர்: எந்திரத்தால் விலை குறைந்து நாலு பேர் வாங்க முடிகிறதே, அது நல்லதில்லையா?

வாங்கட்டும். எந்திர நூல் என்று சொல்லி விற்கட்டும். கைநூல் என்று பெயர் சொல்லி விற்பதுதான் என் சண்டை. அந்தப் பொய்யில் முதலில் கூலி இழப்பவர் ராட்டை முன் இருக்கும் பெண். அந்தத் தொழில் ஏற்கெனவே நிறைய அடி வாங்கியது. 1865 ஏப்ரலில் வரிக்கொடுமை தாங்காமல் ஸ்ரீநகர் சால்வை நெசவாளர்கள் ஊர்வலம் போனார்கள். அப்போது காஷ்மீரை ஆண்ட டோக்ரா மன்னரின் படை தாக்கியதில் பலர் உயிரிழந்தார்கள். 1870இல் பிரான்ஸ் போரில் இறங்கியதும் சால்வைக்கு அங்கிருந்த பெரிய சந்தை போனது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்த பஞ்சம் மிச்சமிருந்த நெசவாளர்களிலும் பலரைக் கொண்டுபோனது.

தஞ்சை: பூச்சி அரிக்காமல் வைப்பது எப்படி?

சுத்தம் செய்து, நிழலில் காயவைத்து, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நாப்தலீன் உருண்டை துணியில் படக்கூடாது.

திருப்பூர்: சரி, கைநூலைக் கண்டுபிடிக்க என்ன வழி?

முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் சால்வையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழை ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து ஓடும். நீங்கள் சொன்ன அதே ஏற்ற இறக்கம்தான்.