பாதி ஓட்டத்தில் கால் துவள்கிறதே!

கேள்வி: எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடை மீண்டும் ஏறியதால், அதை இரைப்பை பைபாஸாக (சின்ன இரைப்பையை நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) மாற்றி 8 மாதம் ஆகிறது. தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். பாதியில் கால் துவள்கிறது. சாப்பாட்டைக் கூட்டினால் மறுபடி எடை ஏறிவிடுமோ?

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஓடிக்கொண்டே குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு தசையையும் கரைக்கும். தசை போனால் செலவாகும் கலோரியும் குறையும்.

நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது அடிப்படை அளவு. ஓடுகிறவருக்குக் கூடுதலாகவே தேவைப்படலாம். உங்கள் அளவை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான். சின்ன இரைப்பையில் எல்லாவற்றையும் ஒரே வேளையில் அடைக்க முடியாது. 5, 6 வேளையாகப் பிரியுங்கள், தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள்.

ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொஞ்சம் தயிரும் பாதி வாழைப்பழமும் போதும். சர்க்கரை பானம் வேண்டாம். அது வேகமாகச் சிறுகுடலில் இறங்கி, 10 முதல் 30 நிமிடத்தில் வயிற்றுப் பிடிப்பும் படபடப்பும் தரும். 1 முதல் 3 மணி நேரம் கழித்து இன்சுலின் மிகுந்து ரத்தச் சர்க்கரை சரிவதும் உண்டு: குளிர்ந்த வியர்வை, கைநடுக்கம். அப்படி வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

தண்ணீர் மிடறு மிடறாக; சாப்பிட்டு 30 நிமிடம் கழித்தே.

இரும்புச்சத்து, பி12 குறைந்தாலும் இதே துவளல் வரும். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். ஓடி முழங்கால் வலித்தாலும், தயவுசெய்து இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக எடுக்காதீர்கள். பைபாஸ் இணைப்பில் புண் வரக்கூடும்.