எதை எழுதுவது, எதை முகம் பார்த்துச் சொல்வது: அலுவலகக் கேள்வி பதில்

கோவையில் பம்ப் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் கடிதப் போக்குவரத்துதான் என் வேலை. ஃபேக்ஸில் தொடங்கி வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, நான் பத்து வரி மெசேஜ் அனுப்பினா எங்க மேனேஜர் "ஓகே" போட்டு ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறார். கோவமா இருக்காரா?

அவருக்கு வயது ஐம்பதுக்கு மேலா? அப்படியென்றால் கோபமில்லை. வாக்கியம் முடிந்தால் புள்ளி வை என்று வாத்தியார் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த தலைமுறை அது. உங்கள் வயதுக்காரர்களுக்குத்தான் அந்தப் புள்ளி முறைப்பாகத் தெரிகிறது. கோபமா என்று தெரிய வேண்டுமானால் டீ நேரத்தில் நேரில் போய் நின்று பாருங்கள். முகம் சொல்லிவிடும்.

எங்க முதலாளிக்கு மெயில் போட்டா மூணு நாளானாலும் பதிலே வராதுங்க. போன வாரம் போட்டது இது. தலைப்பு: "வணக்கம் சார்". உள்ளே: "நேத்து பேசின விஷயம் சார், அந்தப் பார்ட்டி இன்னும் பணம் போடல, மெட்டீரியல் ரெடியா இருக்கு, லாரியும் வந்திருச்சு, பார்த்துச் சொல்லுங்க." இதுல என்னங்க தப்பு?

தப்பு ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர் நேற்று என்ன பேசினோம், எந்தப் பார்ட்டி, எத்தனை உருப்படி, தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று நான்கு விஷயத்தைத் தேட வேண்டியிருக்கிறது. "அப்புறம் பார்க்கலாம்" என்று மூடிவிடுவார். அந்த அப்புறம் வராது. நானாக இருந்தால் இப்படிப் போடுவேன்:

தலைப்பு: மதுரை ஆர்டர், பணம் வரவில்லை, இன்று 4 மணிக்குள் முடிவு வேண்டும்.

உள்ளே: 40 பம்ப் தயார். லாரி வாசலில் நிற்கிறது. பணம் வரவில்லை. அனுப்பலாமா, நிறுத்தலாமா? 4 மணிக்குள் தகவல் இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இதற்கு அவர் "அனுப்பு" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிடலாம். பதில் சொல்லாமல் இருந்தாலும் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். சர்க்கார் கடிதத்தில் மேலே "பொருள்", "பார்வை" என்று போடுவதை நாமெல்லாம் கிண்டல் செய்கிறோம். விஷயம் எது, இதற்கு முந்தைய கடிதம் எது என்று முதல் இரண்டு வரியிலேயே முடித்துவிடுகிறார்கள் பாருங்கள். அதற்குப் பிறகு அவர்கள் எழுதுவதைப் பற்றி நான் பேசவில்லை.

கட்டைவிரல் எமோஜி போட்டா "பார்த்துட்டேன்"னு அர்த்தமா, "சம்மதம்"னு அர்த்தமா?

இதற்காக ஒரு விவசாயி கோர்ட்டுக்கே போக வேண்டிவந்தது. கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணம். 2021-இல் தானியம் வாங்கும் கம்பெனி ஒன்று 87 டன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து, "உறுதி செய்யுங்கள்" என்று விவசாயிக்கு அனுப்பியது. அவர் ஒரு கட்டைவிரலைப் போட்டார். நவம்பரில் விதை வரவில்லை. அதற்குள் விலை ஏறியிருந்தது. "ஒப்பந்தம் கைக்கு வந்தது என்றுதான் சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் அவர். அதற்கு முந்தைய ஒப்பந்தங்களையெல்லாம் இதே மாதிரி போனில் ஒரு சின்ன "சரி" போட்டே முடித்திருந்தார், அதுதான் அவரைக் கவிழ்த்தது. அந்தக் கட்டைவிரல் கையெழுத்துக்குச் சமம் என்று 2023-இல் தீர்ப்பு. சுமார் 82,000 கனடா டாலர் கட்டச் சொன்னார்கள். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

அது கனடா, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நம் 2000-ஆம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் மின்னணுப் பதிவை எழுத்தாக ஏற்கிறது. எனவே விலை, தேதி, எண்ணிக்கை இருக்கிற மெசேஜுக்கு விரலைக் காட்டாதீர்கள். "கிடைத்தது, பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

மேடம், பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மிச்சம் 93 குரலும் உடம்பும் என்று டிரெய்னிங்கில் சொன்னார்கள். உண்மையா?

நானும் மூன்று டிரெய்னிங்கில் கேட்டிருக்கிறேன், மூன்று தடவையும் பிஸ்கட் நன்றாக இருந்தது. இந்த எண்கள் கலிபோர்னியாவில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967-இல் வெளியிட்ட இரண்டு சின்ன ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றை வார்த்தைகளை வெவ்வேறு தொனியில் பதிவு செய்து போட்டுக்காட்டினார்கள். ஓர் ஆய்வில் கூடவே முகத்தின் போட்டோவும் உண்டு. பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை, அந்தப் பதிவைக் கேட்டவர்கள் ஊகிக்க வேண்டும். வார்த்தை ஒன்று சொல்லி, முகம் வேறு சொன்னால் எதை நம்புகிறோம் என்பதுதான் விஷயம். விருப்பு வெறுப்பைப் பேசும்போது மட்டும்தான் இந்தக் கணக்கு என்று அவரே சொல்லிவிட்டார். 93 சதவீதம் உடம்பிலேயே புரியுமென்றால் ஜி.எஸ்.டி. கணக்கைக் கையாட்டியே விளக்கிவிடலாமே!

ஆனால் அதில் ஒரு உண்மை இருக்கிறது. "பரவாயில்லை, நானே பார்த்துக்கிறேன்" என்று உங்கள் ஜூனியர் ஃபைலைத் தட்டென்று வைத்தால், பரவாயில்லை என்று அர்த்தமில்லை.

ஜெர்மன் கஸ்டமரோடு வீடியோ மீட்டிங். நான் தலையாட்டிக்கிட்டே இருந்தேன். கடைசியில், "உங்களுக்கு எந்த இடத்தில் உடன்பாடு இல்லை?" என்று கேட்கிறார்!

எங்கள் ஆலைக்கு வந்த ஒருவரும் இதே குழப்பத்தில் மாட்டினார். ஃபோர்மேன் அண்ணன் தலையைத் தோளுக்குத் தோள் சாய்த்து, "ஆயிரும்ங்க" என்கிறார். வந்தவர் என் காதில், "முடியாது என்கிறாரா?" என்று கேட்டார். நம் ஊரில் அந்தச் சாய்ப்புக்குச் "சரி", "கேட்டுக்கிட்டிருக்கேன்", "பார்க்கலாம்" என்று பல அர்த்தம்; எது என்று நமக்குக் கண்ணைப் பார்த்தாலே தெரியும். அவர்களுக்கோ மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம், பக்கவாட்டில் போனால் இல்லை. தலையை நிறுத்த முயலாதீர்கள், முடியவும் முடியாது. வாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஆமாம், 15-ஆம் தேதி அனுப்புகிறோம்." முடிந்ததும் அதையே மெயிலிலும் போட்டுவிடுங்கள்.

எங்க ஜி.எம். வாயால ஒண்ணு சொல்றார். பிரச்சினை வந்தா "நான் எப்பப்பா சொன்னேன்?"ங்கிறார். எழுதிக் குடுங்கன்னு கேட்டா கோவிச்சுக்குவார்.

கேட்காதீர்கள் தம்பி, நீங்களே எழுதுங்கள். பத்து நிமிடத்துக்குள் ஒரு மெயில்: "சார், காலையில் தாங்கள் சொன்னபடி பழைய ஸ்டாக்கை இன்று வெளியே எடுக்கிறோம். மாற்றம் இருந்தால் மதியத்துக்குள் சொல்லவும்." இதில் சந்தேகமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. தேதியும் நேரமும் தானாக விழுந்துவிடும். "பதிவுக்காக அனுப்புகிறேன்" என்று மட்டும் சேர்க்காதீர்கள். அது வக்கீல் நோட்டீஸ் வாசனை.

தப்பு பண்ணின பையனுக்கு மெயில்ல சொல்லலாமா? ஹெச்.ஆருக்கும் காப்பி வைக்கலாமா?

முதல் தடவையா? கூப்பிட்டு உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள். நேரில் திட்டும்போது உங்கள் முகத்தில் கொஞ்சம் அக்கறையும் தெரியும். மெயிலில் திட்டு மட்டும்தான் போய்ச்சேரும், அவன் அதை ராத்திரி ஒரு மணிக்கும் எடுத்துப் படிப்பான். பேசி முடித்தபின், இனி என்ன செய்வதென்று முடிவானதை மட்டும் எழுதி அனுப்புங்கள். இரண்டாம் தடவையும் அதே தப்பு என்றால் காப்பி வையுங்கள். கார்பன் தாள் காலத்தில் இன்னொருவருக்கு நகல் எடுக்கவே ஒரு உழைப்பு வேண்டியிருந்தது. இப்போது ஒரு கிளிக்கில் ஊரைக் கூட்டிவிடுகிறோம்.

பெரியவங்க கண்ணைப் பார்த்துப் பேசக்கூடாதுன்னு வளர்த்தாங்க. இன்டர்வியூல "தன்னம்பிக்கை இல்ல"ன்னுட்டாங்க அக்கா.

உங்கள் வளர்ப்பில் குறை இல்லை, கண்ணு. மரியாதைக்கு அங்கே வேறு அடையாளம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். முறைக்க வேண்டாம். கேள்வி கேட்கும்போது அவரைப் பாருங்கள்; யோசிக்கும்போது மேசையைப் பார்க்கலாம்; பதிலின் கடைசி வார்த்தையை மட்டும் அவர் முகத்தில் முடியுங்கள். கண் கூசினால் புருவத்தைப் பாருங்கள், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆபீஸ் குரூப்ல முதலாளி தினமும் ரோஜாப்பூவோட "காலை வணக்கம்" போடறார். பதில் போடணுமா?

நான் 2016-இல் ஒரே ஒரு நாள் போட்டேன். இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.